மாலை போட்ட சாட்சி!

"ஐயோ... ஏனுங்க! பீரோவை ஒடைச்சுப்போட்டாங்க!"

சண்முகப்பிரியாவின் அலறலில் அந்தக் கருமத்தம்பட்டி பங்களாவே அதிர்ந்தது.

காலை ஒன்பது மணி!

பின்பக்கமிருந்து ஓடி வந்தார் கணவர் ஈஸ்வரமூர்த்தி. பெருந்துறையில் பூச்சிமருந்து கம்பெனி முதலாளி. சட்டையில் புகை வாசனை.

"கத்தாத பிரியா! ஒண்ணும் போயிருக்காது..."

"பயமா இருந்துச்சுங்க... போலீசுக்குப் போன் பண்ணிப்போட்டேன்!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினோரு மணிக்குக் காப்புரிமை விசாரணை! இரண்டு கரையான் மருந்துகளைக் கலந்து, 'துறை தெரிந்த எவருக்கும் தோன்றாத கலவை' என்று உரிமை கேட்டிருந்தார். எதிர்த்து மனுப் போட்டவர் கோட்டைமேடு முஸ்தபா. வீடுகளுக்குக் கரையான் மருந்து அடிப்பவர். உரிமை கிடைத்தால், முஸ்தபா காலமெல்லாம் அடித்த மருந்தை இனி அவரே தொட முடியாது!

இன்ஸ்பெக்டர் பிந்து வந்தாள். பீரோவைப் பார்த்தாள்.

"நகை?"

"இருக்குதுங்க மேடம்." சண்முகப்பிரியா பீரோவைக் காட்டினாள். "மஞ்சக் கவர்ல ஒரு பென்டிரைவ்தான் காணோம். ஸ்டுடியோக்காரர் குடுத்தது."

"அதுல என்னங்க சார் இருந்துச்சு?"

ஈஸ்வரமூர்த்தி உடைந்த பீரோவைப் பார்த்தார்.

இந்த வீட்டின் அஸ்திவார பூஜை! உரிமை கேட்ட விண்ணப்பத்துக்கு இரண்டு வருடம் முந்தையது; விசாரணையில் அதைக் காட்டினால் உரிமையே கிடைக்காது. வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மாலை போட்டு, பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பது அவர் குடும்ப வழக்கம். அஸ்திவாரத்துக்கு மருந்தடிக்க வந்த முஸ்தபாவுக்கும் போட்டார். போட்ட கையோடு கேட்டார்.

"பாய், என்னத்தக் கலக்கறீங்க?"

முஸ்தபா சிரித்தபடி இரண்டு டின்களையும் கேமராவுக்குக் காட்டினார்.

"ஒண்ணு உடனே கொல்லுங்க. இன்னொண்ணு மெதுவாப் புத்துக்குள்ள பரவுங்க. இதுல என்னங்க ரகசியம்? மருந்தடிக்கிற யாருக்கும் தோணுறதுதானுங்களே!"

நம்பிச் சொன்ன மனிதர். நினைக்கும்போதே ஈஸ்வரமூர்த்திக்கு உடம்பு கூசியது.

கூசி என்ன பயன்? வாய் வேறு சொன்னது.

"அஸ்திவார பூஜை வீடியோங்க... என் காப்புரிமையை எதிர்க்கற அந்த முஸ்தபாதான் ஆள் விட்டு எடுத்திருப்பாரு!"

சொன்ன கணமே தன் மேல் அருவருப்பு வந்தது.

சண்முகப்பிரியா திரும்பினாள்.

"அஸ்திவார பூஜையா? அதை நேத்தே பாய் சம்சாரம் உம்மல் குல்சும் கையில நான்தானுங்க குடுத்தேன்!"

"என்னது...?"

"கூப்பிட்டு மாலை போட்டது நாம. அவரு சொன்னதை நம்முளுதுன்னு எழுதிக்கறதும் நாமளா? எனக்கு வெக்கமாப் போச்சுங்க!"

"அப்ப... பீரோவுல இருந்த மஞ்சக் கவர்?"

"அதே ஸ்டுடியோதானுங்க. நம்ம கனிஷ்கா காதுகுத்து!"

ஈஸ்வரமூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரே மகள்! அந்தக் காதுகுத்துக்கு இருந்தது அந்த ஒரு வீடியோதான்.

பின்பக்கம் போன கான்ஸ்டபிள் பாதி எரிந்த மஞ்சள் கவரோடு வந்தார்.

"மேடம்... அங்க சாம்பல் இன்னும் சுடுதுங்க!"

"பாயைச் சொன்னது பொய்யிங்க மேடம்." ஈஸ்வரமூர்த்தி நிமிரவே இல்லை. "பீரோவை ஒடைச்சது யாருன்னு... உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பிந்து அவர் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

"உள்ள நுழைஞ்சப்பவே! இதுக்கெல்லாம் காப்புரிமை கிடைக்காதுங்க சார்... மூக்கு இருக்கற யாருக்கும் தோணுறதுதானுங்களே!"