பேத்தைக்குப் போட்ட பல்

மீன் எட்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாளியில் நத்தை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

காசிராஜனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சோணைமுத்துதான் தின்றிருப்பான். ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாயில் நத்தை பொறுக்கி, வாரம் தவறாமல் வாளியோடு பஸ் ஏறி ராஜபாளையம் வருகிறவன் அவன்தானே. காசிராஜனின் பேண்டேஜ் யூனிட்டில் இருபது வருடமாகத் துணி அலசுகிற ஆள், தலை நரைத்தவன். இருந்தாலும் வேலைக்காரனை முதலில் திருடனாக நினைத்துவிட்டால் பிறகு ஏமாறவேண்டியதில்லை என்பது காசிராஜனின் கணக்கு.

"மீனுக்குக் கொண்டாந்ததை நீயே திங்கியாலே?"

"நான் எதுக்கு மொதலாளி திங்கேன்? ஓடெல்லாம் இங்கனயேதான கெடக்கு." சோணைமுத்து வாளியடியில் கிடந்த சில்லுகளை அள்ளிக் காட்டினான். "மனுசன் தின்னா அவிச்சு, ஊசியால குத்தியில்லா எடுப்பான். இது பச்சையாக் கடிச்சு நொறுக்குனது."

"எலியா இருக்கும். இல்லேன்னா நீ. ரெண்டும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். அவன் பேச்சுக்கு அவனைத் தவிர வேறு யாரும் சிரித்ததில்லை.

அந்த மீன் அவனுக்கு வீட்டு மிருகம் இல்லை, அந்தஸ்து. ஊரில் நாலு காசு பார்த்தவனெல்லாம் நாய் வளர்த்தான். நாயை எந்தக் கிறுக்கனும் வளர்ப்பான் என்று இவன் மெட்ராஸ் போய், ஆப்பிரிக்க ஆற்று மீன் என்று ஒருவன் காட்டியதை வாங்கி, ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பையில் ரயிலேற்றிக் கொண்டுவந்தான். அப்போது உள்ளங்கை அளவு. மூன்று வருடத்தில், இந்தத் தொண்ணூற்று நாலில், முழங்கையைத் தாண்டிவிட்டது. மஞ்சளும் கறுப்புமாகப் புழு நெளிகிற மாதிரித் தோல், ஒன்று இங்கே பார்க்க மற்றது அங்கே பார்க்கும் கண், மேலே இரண்டு கீழே இரண்டு என இடைவெளி இல்லாமல் ஒட்டிய பல். வளர்ந்துகொண்டே இருக்கும் அந்தப் பல், நத்தை ஓட்டைக் கடித்தால்தான் தேயும். தூத்துக்குடிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது பேத்தைல்லா? நம்ம கடல்லயும் உண்டு. வலையில விழுந்தா கரையில வீசிட்டுப் போயிருவோம்" என்றார். அவரை அதன்பிறகு இவன் வீட்டுக்குள் விடவில்லை.

உலகத்தில் காசிராஜன் இளக்காரம் பண்ணாத ஆள் ஒரே ஒருத்திதான். மகள் செல்லக்கனி, ஏழு வயசு.

நாலு மாதத்துக்கு முன் அவளுக்கு முதல் பல் விழுந்தது. அவன் மனைவி பரிபூரணம் அதைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து, "கூரை மேல எறிஞ்சிட்டு வாங்க. பல்லு வானத்தைப் பாத்துட்டா மறுபடி முளைக்காதாம்" என்றாள்.

"ஏட்டி, கூரை எங்க இருக்கு? கான்கிரீட் போட்டுக் கட்டியிருக்கேன், அதுல சாணியை எறியச் சொல்லுதியே."

உருண்டையைப் பிய்த்துப் பல்லை எடுத்தான். கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, மகள் பார்க்க மீன் தொட்டிக்குள் போட்டான். பேத்தை மேலே வந்து கவ்விக்கொண்டது. கனி கைகொட்டிச் சிரித்தாள். அதன்பிறகு விழுந்த பற்களையெல்லாம் அவளே கொண்டுபோய்ப் போட்டாள்.

விழுந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. மதுரையில் பல் டாக்டர், வரும், பொறுங்கள் என்றார். இப்போது எட்டு நாளாகப் பிள்ளை வாயையே திறப்பதில்லை. பேச்சில்லை, தலையாட்டல்தான். சோற்றைத் தொடுவதில்லை. ஆனால் இளைக்கவும் இல்லை. காசிராஜன் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, ராத்திரி அவள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான்.

மாசி ஞாயிற்றுக்கிழமை மதியம் பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"பிள்ளையைத் தனியா விட்டுறாதிய. வாயைப் பாக்க விடவே மாட்டேங்கா."

"ஆண்டாள் வந்து பல்லு கட்டிவிடுவாளாக்கும். போயிட்டு வா."

கனி உள்ளறையில் தூங்கினாள். தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஜன்னலை அடைத்துப் போர்வை தொங்கவிட்ட முன்னறையில், காசிராஜன் ஈசிசேரில் சாய்ந்து, தொட்டி மோட்டார் ஓடும் மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டும், வடிகட்டியில் அவன் யூனிட்டுத் துணியைச் சுருட்டித் திணித்திருந்ததால் தண்ணீரோடு கலந்து வரும் பிளீச்சிங் வாடையையும், அதற்கடியில் நத்தை வாளியிலிருந்து எழுந்த சேற்று வீச்சத்தையும் முகர்ந்தபடியே கண்ணயர்ந்தான்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தொட்டி விளக்கு அணைந்தது. மோட்டார் ஓய்ந்ததும், அத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்கு அடியில் கிடந்தது கேட்டது.

கறுக்.

ஓடு நொறுங்கும் சத்தம். செத்த நேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஈரமாக எதையோ உறிஞ்சுவது.

மீன் தின்னத் தொடங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. சோணைமுத்துவையும் அவன் அள்ளிக் காட்டிய ஓட்டுச் சில்லுகளையும் நினைத்து உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுந்தான். டார்ச்சைத் தடவி எடுத்துக் கண்ணாடியில் அடித்தான்.

பேத்தை கண்ணாடியை ஒட்டி நின்றது. அசையவில்லை. ஒரு கண் அவனைப் பார்த்தது. அவன் மற்றவர்களைப் பார்க்கும் அதே இளக்காரப் பார்வை. மற்றக் கண் அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

தொட்டித் தரையில் நத்தை ஊர்ந்தது. முழு நத்தை. ஒன்றுகூடக் கடிபடவில்லை.

மீன் மெதுவாக வாயைத் திறந்தது. உள்ளே அந்த நாலு பல் இல்லை. வெளிறிய ஈறு. அதில் அரிசி அரிசியாக, வரிசை தப்பி, சின்னச் சின்ன வெள்ளைப் பல். அவன் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பல்.

கறுக்.

மீன் வாய் திறந்தபடியே இருந்தது.

சத்தம் பின்னாலிருந்து வந்தது.

திரும்ப மனசில்லை. திரும்பினான். வாளிக்குப் பக்கத்தில், சம்மணம் போட்டு, பாவாடை நனைய உட்கார்ந்திருந்தாள்.

"கனி."

நிமிர்ந்தாள். ஒரு கண் அவனைப் பார்த்தது. மற்றது வாளிக்குள்ளேயே இருந்தது.

"கனி, வாயைக் காட்டும்மா. அப்பாதாம்ல."

எட்டு நாளுக்குப் பிறகு மகள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல் முளைத்திருந்தது. மேலே இரண்டு. கீழே இரண்டு. அகலமாக, ஒட்டி, ஊசி நுழைய இடமில்லாமல். உதட்டில் ஓட்டுத் தூள்.

வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி.

"எப்பா, பசிக்கி."

எழுந்து வந்தாள். ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாளே, அதேபோல அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உதறவில்லை. மடங்கியிருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக விரித்தாள்.