தை மாத அறுப்பு

லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில்தான் தபஸ்ஸுமின் துப்பறியும் அலுவலகம். பொங்கல் கழிந்த கையோடு அங்கே வந்து நின்றாள் மோகனா, ஷூ கம்பெனித் தொழிலாளி. அவள் கணவன் கௌதம் ஏஜெண்ட் ஒருவன் மூலமாக ஜப்பானில் ஒரு சின்ன மலைக்கிராமத்துக்கு வயல் வேலைக்குப் போய்ப் பத்து மாதமாகிறது.

“மூணு மாசமா குரலே கேக்கல மேடம். சிக்னல் இல்லன்னு மெசேஜ் மட்டும் வருது. அவரு உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க.”

அக்டோபரில் கௌதம் கடைசியாகப் பேசி அனுப்பியதை அவள் போட்டுக் காட்டினாள். “அறுப்பு முடிஞ்சிச்சி மோகனா. இனிமே பனி கொட்டும். இங்க வருஷத்துக்கு ஒரே போகம்தான்.”

பொங்கல் லீவு முடிந்து அவள் வேலைக்குப் போன அன்று வந்த மெசேஜ் இது: “இங்கயும் நாளைக்கு அறுப்பு. கதிர் நல்லா முத்திடுச்சி.”

“தினமும் வருதா?” என்றாள் தபஸ்ஸும்.

“ஞாயித்துக்கிழமை வராது, பொங்கல் லீவுலயும் வரல. எனக்கு லீவே அப்பத்தான். ஊட்ல காத்துனு கெடப்பேன்.”

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும், தபஸ்ஸுமுக்குத் தானாகவே வந்து சேர்ந்த உதவியாளருமான அந்தோணி துள்ளினார். “ஏஜெண்ட் வேலைதான் மேடம்! முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறான்!”

“ஏஜெண்ட் வருஷா வருஷம் அங்க ஆள் அனுப்புறவன், அந்தோணி. பனி கொட்ற மாசத்துல அறுப்புன்னு எழுத மாட்டான். தை பொறந்தா எல்லா ஊர்லயும் அறுப்புன்னு நெனைக்கிறது நம்மூரு வெவசாயி.” தபஸ்ஸும் மோகனா பக்கம் திரும்பினாள். “நீ ஊட்ல இல்லாதப்போ மட்டும் எழுதுற ஆளும்மா இது. உங்க ஊட்ல நெல்லு போடுறது யாரு?”

மோகனா போனை மெல்லக் கீழே வைத்தாள். “மாமனாரு.”

மூவரும் பஸ் பிடித்து மோகனாவின் ஊரான ஆலங்காயம் போனார்கள். மாமனார் தனகோடி மறுத்துப் பேசவில்லை. பரண்மேலிருந்து கௌதமின் போனை எடுத்து வைத்தார்.

“ஐப்பசியிலயே டிராக்டர் கவுந்துடிச்சிம்மா. ஏஜெண்ட் எனக்குத்தான் தகவல் சொன்னான். சாம்பலும் போனும் வந்துச்சி. சாம்பல பாலாத்துல கரைச்சிட்டேன். சொன்னா நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போய்டுவ. படுத்துக் கெடக்கிற உன் மாமியாளுக்கு யாரு சோறு ஊட்டுவா?”

கிழவரின் கணக்கு பிசகவே இல்லை. அதுதான் தபஸ்ஸுமுக்குப் பொறுக்கவில்லை.

மோகனா அந்தப் போனையே பார்த்தாள். யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம், புருஷனுக்கு மட்டும் என்று, இத்தனை நாளும் அதற்குத்தான் எழுதி அனுப்பியிருந்தாள்.

“நான் அவருக்கு எழுதினதெல்லாம்… நீங்களா மாமா படிச்சீங்க?”

தனகோடி தலையைக் குனிந்துகொண்டார். “எல்லாத்தையும் படிக்கலம்மா.”

அதுவரை அழாமலிருந்த மோகனா அப்போதுதான் அழுதாள்.