யார் மேல் தூசி

வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே நாலு வயசு இசைவாணிக்கு மூச்சு விசிலடித்தது. பிள்ளையின் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்குவதை அம்மா வள்ளித்தாய் பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

"அங்கனயே நில்லு!" நாத்தனார் பத்திரகாளி குறுக்கே வந்து நின்றாள். "உன் சேலைத் தூசிதான் புள்ளையக் கொல்லுது. இன்னுமா கிட்ட வார?"

"மதினி... இப்பத்தான் குளிச்சேன். நான் வெடிமருந்து ரூமுப் பக்கமே போறதில்ல. பெட்டி ஒட்டுறவ..."

"பட்டாசுக் கம்பெனிக்குள்ள எல்லாம் ஒரே காத்துதான். போ, வேன் போயிரும்!"

புருசன் பாலகுரு சிமெண்ட் குடோனில் லோடு ஏற்றுகிறவன். மூட்டைக்கு அஞ்சாதவன், அக்காவுக்கு அஞ்சுவான். "அக்கா சொல்றதக் கேளேன் வள்ளி..." என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

வள்ளித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் ஏறினாள். 2006 தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. சீசன் நேரத்தில் லீவு கேட்க முடியுமா?

பத்திரகாளியைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். புருசனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்தவள், இசைவாணியைத் தரையில் விடாமல் வளர்த்தாள். தை மாசம் வள்ளித்தாய் சிவகாசிப் பக்கம் வேலைக்குப் போனாள். சித்திரையில் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இவளுக்குத் தூசி ஆகாது" என்றார். யார் தூசி என்று அவர் சொல்லவில்லையே! அதை வீட்டில் முடிவு செய்துகொண்டார்கள். தாய்க்காரி வேலைக்குப் போன பிறகுதானே வந்தது?

அன்றிலிருந்து பத்திரகாளி மூன்று வேளையும் ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். வள்ளித்தாய்க்குப் படுக்கை அடுப்படியில் என்று ஆயிற்று. சாயங்காலம் வந்தால் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு வரவேண்டும். பாலகுரு முந்தானையை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான். அப்போதும் பிள்ளையைத் தொடக் கூடாது, எட்டடி தள்ளியே நிற்கவேண்டும். வேலையை விட்டால் பிள்ளை உறிஞ்சுகிற மருந்துக்கு வழியில்லை. பிள்ளைக்காக வேலைக்குப் போனாள், பிள்ளைக்காகப் பிள்ளையையும் விட்டுக்கொடுத்தாள். ஆறு மாசமாகப் பெற்ற மகளை மடியில் வைக்கவில்லை, பாவி மகள்!

தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பத்து நாள் லீவு விட்டார்கள். ஐந்தாம் நாளும் இளைப்பு வந்தது.

"ஒடம்புல ஊறினது அம்புட்டுச் சீக்கிரம் போயிருமா?" என்றாள் பத்திரகாளி.

மறுநாள் மத்தியானம் அவள் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய தம்பியின் நேற்றைய சட்டையை எடுத்து மடித்து, பிள்ளையின் கன்னத்துக்கு அடியில் வைத்தாள். "அப்பா வாசம் புடிச்சுக்கிட்டே தூங்கு தாயி..."

அடுப்படியிலிருந்து வள்ளித்தாய் பார்த்தாள். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில், சட்டையிலிருந்து சாம்பல் நிறத்தில் தூசி எழும்பியது. பிள்ளை இருமத் தொடங்கினாள்.

"மதினி... எப்பருந்து இப்பிடி வைக்கிறீக?"

"நீ வேலைக்குப் போன அன்னிலருந்துதான். உன்னத் தேடி அழுவா. இத வச்சாத்தான் கண்ணசருவா."

வள்ளித்தாய் எட்டடித் தூரத்தை மறந்து போய்ச் சட்டையை உருவினாள். வாளித் தண்ணீரில் முக்கி அலசி, வாளியை நாத்தனார் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் சிமெண்ட் கரைத்த மாதிரி இருந்தது.

பத்திரகாளி வாளியைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ... என் கையாலயா! நானே வச்சிட்டு, உன்ன நாக்கூசாமப் பேசினேனே வள்ளி... நான் வெளங்குவனா!"

காலில் விழ வந்தவளை வள்ளித்தாய் தாங்கிப் பிடித்தாள். "பாசத்துல செஞ்சீக மதினி. அதுக்காக உங்கள வைவனா? ஆனா அந்த ஆறு மாசத்த எனக்கு யாரு திருப்பித் தருவா?"

சாப்பாட்டுக்கு வந்த பாலகுரு வாசலிலேயே நின்றுவிட்டான். வள்ளித்தாய் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க... தெனமும் என் சேலைய மோந்து பாத்தீகளே. ஒருநாளாச்சும் உங்க சட்டைய உதறிப் பாத்தீகளா?"

அவன் சட்டையைக் கழற்றி வெளியிலேயே போட்டான்.

எதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்று வள்ளித்தாய் இன்னும் எட்டடி தள்ளியே இருந்தாள். அதன்பிறகு ஒரு வாரம் விசில் சத்தமே இல்லை. எட்டாம் நாள் காலையில் பத்திரகாளி பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "போ தாயி... உங்கம்மா மடிக்குப் போ."

வள்ளித்தாய் இரண்டு கையையும் நீட்டினாள். இசைவாணி நிலைப்படியைத் தாண்டவில்லை. பழகிய இடத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மா, குளிச்சுட்டியா?"

பத்திரகாளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். வள்ளித்தாய் விடியலிலேயே குளித்திருந்தாள். பிள்ளை மேல் என்ன தப்பு?

"இந்தா... குளிச்சுட்டு வாரேன் கண்ணு."

கொல்லைப்புறம் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அழ வேண்டியதை அங்கேயே அழுது முடித்தாள். துவைத்த சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். பிள்ளை மெல்ல மெல்லக் கிட்டே வந்தாள். முந்தானையைப் பிடித்து ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகுதான் மடியில் ஏறினாள்.