வெறுமையாய்த் திறந்த கடிதம்

எப்சம் பகுதியிலிருந்து இராசமலர் தேடி வந்தபோது, ஹில்ஸ்பரோ வீட்டில் கௌரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த கௌரி, ஆக்லாந்தின் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபது வருடம் மோசடிகளைத் துருவியவர். அவர் எடுக்கும் வழக்கு எதுவானாலும் பக்கத்து வீட்டுப் பார்த்தீபன் தானாகவே வந்து ஒட்டிக்கொள்வார். அன்று மட்டும், இராசமலரைக் கண்டதும் பார்த்தீபனுக்கு உள்ளூர ஒரு சங்கடம். இரண்டு வருடங்களுக்கு முன் இதே விஷயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் அவர்தான்.

இராசமலரின் கணவர் சாகுமுன் மகள் நிசாந்தினிக்கு ஒரு கடிதம் எழுதி, தன் பழைய கணினியின் வட்டில் வைத்திருந்தார். அவருடைய தம்பி மனோஜ் ஒரு மதியம் அந்த அறையில் தனியே இருந்துவிட்டுப் போன பின் திறந்தால், வெறும் திரை. அண்ணனும் தம்பியும் கடைசிக் காலத்தில் முகம் பார்க்காதவர்கள். தன்னைப் பற்றி ஏதும் எழுதியிருக்கும் என்று பயந்து மனோஜ் அழித்துவிட்டதாக இராசமலர் சந்தேகப்பட்டார். பார்த்தீபனும் வந்து பார்த்து, அழித்தாகிவிட்டது என்றார். மனோஜ் அன்றோடு வீட்டு வாசல் மிதிக்கவில்லை. இப்போது தன் கலியாணத்துக்குச் சித்தப்பா வரவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள்.

"மனோஜ்தான் செய்தவர் எண்டதை அவளுக்கு விளங்கப்படுத்துங்கோ, கௌரி," என்றார் இராசமலர்.

பார்த்தீபனோடு எப்சம் வீட்டுக்குப் போன கௌரி முதலில் கேட்டது, அன்று மனோஜ் அந்த அறையில் என்ன செய்தார் என்பதைத்தான். கணினிக்குத் திரையாக இருந்த பெரிய கலர் டிவி இடத்தை அடைக்கிறது, எடுத்துப் போ என்று இராசமலரே சொல்லியிருந்தார். மனோஜ் அதைக் கழற்றிவிட்டு, அலமாரியில் கிடந்த சின்னப் பச்சைத் திரையைக் கணினியில் பொருத்திப் போயிருந்தார். சுவரில் ஒரு படம்: தகப்பன் மடியில் ஐந்து வயது நிசாந்தினி, பின்னால் கணினியின் ஊதாத் திரையில் ஆரஞ்சு எழுத்துகள். அவள் தேர்ந்தெடுத்த நிறங்கள், தகப்பன் கடைசிவரை மாற்றவில்லையாம்.

கௌரி கணினியை இயக்கினார். கோப்புப் பட்டியல் வந்தது. கடிதத்தைத் திறந்தபோது வட்டு அரை நிமிடம் உறுமியது. பிறகு வெறும் பச்சை. பார்த்தீபனிடம் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கித் திறக்கச் சொன்னார். வட்டு உடனே நின்றது.

"ஒண்ணுமில்லாததைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது, பார்த்தீபன். எங்கேயாவது பழைய கலர் டிவி கிடைக்குமா?"

பார்த்தீபன் மனுகாவ் பகுதியில் ஒரு நண்பரின் கராஜுக்குப் போய் ஒரு டிவியைத் தூக்கி வந்தார். கம்பியைச் செருகியதும் திரை ஊதாவானது. அதன்மேல் ஆரஞ்சு எழுத்துகள் வரிவரியாய் நிறைந்தன.

"பச்சைத் திரைக்கு நிறம் தெரியாது, அக்கா. வெளிச்சம் அதிகமா குறைவான்னு மட்டும்தான் தெரியும்," என்றார் கௌரி. "இந்தக் கணினியில ஊதாவும் ஆரஞ்சும் ஒரே வெளிச்சம். எழுத்தும் பின்னணியும் ஒண்ணாக் கலந்துபோச்சு. பட்டியல் வெள்ளை எழுத்து, அதனால தெரிஞ்சுது. யாரும் எதையும் அழிக்கல."

ஆங்கில எழுத்தில் அடித்திருந்த தமிழை இராசமலர் தடுமாறிப் படித்தார். சித்தப்பாவோடு கோபித்தது என் பிழை; உன் கலியாணத்தில் அவன்தான் என் இடத்தில் நிற்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

பிறகு மனோஜுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். கலியாணத்துக்கு வரப் பார்ப்பதாக மட்டும் மனோஜ் சொன்னார்.

பார்த்தீபன் கைநீட்டித் தொலைபேசியை வாங்கினார். "மனோஜ், அழிஞ்சுபோச்சு எண்டு அண்ணிக்குச் சொன்னது நான்தான்."

"ஓம், தெரியும்," என்றார் மனோஜ். குரலில் கோபமே இல்லை. "அண்டைக்கு என்னட்டையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."