தக்காளிக் கன்றுகள் எங்கே தூங்கும்?

ஹசிந்தாவுக்குத் தலை சுற்றியது.

தயிர்க் கோப்பைகளில் அவள் வளர்த்த நாற்பது தக்காளிக் கன்றுகளும் நாளைப் பள்ளிச் சந்தைக்குப் போக வேண்டும். இன்றிரவு எங்கே வைப்பது? வீட்டுக்குள் வைத்தால் பூனை விட்டுவைக்காது. வெளியே வைத்தால் உறைபனியில் கருகிவிடும்.

ரியோ நெக்ரோ பள்ளத்தாக்கு வானொலி சொன்னது: "குளிர்க்காற்று அலை கடந்துவிட்டது. தென்மேற்குக் காற்று மாலையில் அடங்கும். காலையில் நான்கு டிகிரி."

"அப்பாடா, உறைபனி கிடையாது!" என்றாள் ஹசிந்தா.

"அந்த நாலு டிகிரி மேட்டுல இருக்கற விமான நிலையத்துக்குத்தாம்மா" என்றார் மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த அப்பா தெல்மோ. "நம்ம பேரிக்காய்த் தோட்டத்துக்கு இல்ல. காத்து நின்னா இங்க உறைபனிதான்."

"காத்து அடிச்சாத்தானே குளிருது? நின்னா எப்படிப்பா இன்னும் குளிரும்?"

"அதெல்லாம் அப்படித்தான். எனக்கு வேலை கிடக்கு!" உறைபனியில் மொட்டுகள் கருகாமலிருக்க மரங்கள்மேல் நீர் தூவும் தெளிப்பான்களைப் பார்க்க அப்பா ஓடினார்.

ஹசிந்தா இன்னும் குழம்பினாள்.

"மண்டு!" என்றான் அண்ணன் ராமிரோ. "காத்தைத் தடுக்கற பாப்லர் மர வரிசைக்குப் பின்னால பள்ளம் இருக்குல்ல? காத்தே வராது. நான்கூட என் கோல்கீப்பர் சட்டையைப் பறந்துடாம அங்கதான் காயப்போட்டிருக்கேன்."

எட்டு நடை நடந்து, தோட்டத்து மேட்டில் கொட்டகையோரம் இருந்த எல்லாக் கோப்பைகளையும் பள்ளத்தில் இறக்கினாள் ஹசிந்தா.

பொழுது சாய்ந்ததும் காற்று சட்டென்று நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் சருகு எரித்த புகை மேலே போகவில்லை. தரையோடு தவழ்ந்து வந்து பள்ளத்தில் படுத்துக்கொண்டது. ஹசிந்தா இருமினாள்.

'காத்து கலைக்கலைன்னா, இந்தப் புகை மாதிரி குளிரும் வழிஞ்சு வந்து இங்கதான் தேங்குமோ?'

அப்பாவின் வெப்பமானியைக் கொண்டுவந்து இரண்டு இடத்திலும் தொங்கவிட்டுப் பார்த்தாள். பள்ளத்தில் மூன்று டிகிரி. மேட்டுக் கொட்டகையோரம் ஏழு!

"அப்பா! பள்ளத்துப் பக்கம்தான் ரொம்பக் குளிருது. அங்க முதல்ல தண்ணியத் திறங்க!" என்று கத்திவிட்டு, கோப்பைகளைத் திரும்ப மேட்டுக்கே சுமந்தாள். மறுபடி எட்டு நடை.

ராமிரோ விழுந்து விழுந்து சிரித்தான். "மேட்டுலயா? நாளைக்கு ஐஸ் தக்காளி விக்கப் போறியா?"

"சட்டையை எடுத்துடு அண்ணா."

"போடி!"

காலையில் பள்ளம் உறைபனி மூடி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மேட்டில் நாற்பது கன்றுகளும் பச்சையாக நிமிர்ந்து நின்றன.

ராமிரோ சட்டையைக் கொண்டுவந்தான். அது அட்டைபோல் விறைத்து, இரு கைகளையும் விரித்துக்கொண்டிருந்தது.

"இதை எப்படிடி போட்டுக்கறது? ஒன்பது மணிக்கு ஆட்டம்!"

ஹசிந்தா சட்டையைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"நீ எதுக்கு அண்ணா? கோல் கம்பத்துக்கு நடுவுல இதை நிக்க வை. ஒரு பந்தும் உள்ள போகாது!"