இளகாத வைக்கோல்

நாட்டில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. சோற்றைக் கண்ணால் பார்த்துத்தான் மூன்று வருஷம் ஆகிறது. எல்லாம் இளக்கியின் புண்ணியம்! முன்பெல்லாம் வைக்கோலை அமிலத்தில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உள்ளே பூட்டிக்கிடக்கும் சர்க்கரையை எடுத்தார்கள். இளக்கிப் பூஞ்சை வந்த பிறகு தூவினாலே போதும். நெல்தாளை விறைப்பாக நிறுத்தும் பசை கரைந்து பாகு வடியும். சர்க்கரை ஆலையில் தூவியது காற்றோடு வயலுக்கும் போனது. கதிர் வருமுன்னே பயிரெல்லாம் குழைந்து விழுந்தது.

விழாமல் நின்றது தையல்நாயகி போட்ட முரட்டுத்தாள் நெல் ஒன்றுதான். அதன் வைக்கோலை, 'இளகாது' என்று ஆலை திருப்பி அனுப்பியிருந்தது. விளைந்த நெல்லை அந்த வைக்கோலாலேயே பொதிந்து, வைக்கோல் புரி திரித்துச் சுற்றி, உருண்டையாக விதைக்கோட்டை ஆக்கி வைத்தாள். விதை மூச்சுவிட வேண்டும், ஜாடியெல்லாம் ஆகாது என்பது அவள் கட்சி. கோட்டையைக் கட்டிக்கொடுத்தவர் அவள் புருஷன் கலியபெருமாள், அதே ஆலையின் தலைமை இளக்காளர்.

இன்று கோட்டை பிரிக்கும் நாள். ஆளுக்கொரு பிடி விதைக்காக ஊரே முறத்தோடு வாசலில் நின்றது.

"என்னங்க, அடியில ஈரமா இருக்கே. மழைத்தண்ணி எறங்கிடுச்சா?"

கலியபெருமாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இனித்தது.

ஆலை ஒதுக்கிய அந்த வைக்கோலையும் இளக்கவென்று போன வருஷம் முழுக்க மாய்ந்து மாய்ந்து புதுப் பூஞ்சை வளர்த்தவர் அவர்தான். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அது ஆலைச் சுவரைத் தாண்டாது என்று நம்பினார், பாவி மனுஷன்! தினமும் வேலை முடிந்து வந்ததும், புரி தளர்ந்திருக்கிறதா என்று கோட்டையை அமுக்கிப் பார்க்காமல் அவர் காப்பி குடித்ததில்லை.

புரியை இழுத்தார். அது கையோடு வழிந்து வந்தது. உள்ளே உமியும் இளகி, நெல் புளித்த கூழாகக் கிடந்தது.

"ஒரு பிடியாவது தேறுமா?" என்றாள்.

"தேறாது, நாயகி. என் கைதான்... என் கையாலதான் வந்துது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிசுபிசுத்த அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தாள். வாசலில், "அண்ணே, பிரிச்சாச்சா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஆலைக்குச் சொல்லி அனுப்புங்க," என்றாள் தையல்நாயகி. "நம்ம வைக்கோலை இனிமே எடுத்துக்குவாங்க."