இரண்டு முடிவு சொன்ன குரல்

மணி அடித்ததும் ஜெசிந்தா டீச்சர் களைப்பை அளக்கும் அயர்வுமானியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. நாற்பது பிள்ளைகளும் எழுத்துப்பலகையைத் தொட, நாற்பது திரைகளில் நாற்பது ஜெசிந்தாக்கள் தோன்றி வணக்கம் சொன்னார்கள்.

அவர்கள் நிழலாசிரியர்கள். முகமும் குரலும் அவளுடையவை. எழுத்துக்கூட்டித் திணறுகிறவனுக்கு நிறுத்தி நிதானமாக, சரளமாகப் படிக்கிறவளுக்கு விரைவாக, ஒரே பாடத்தை அவரவர் அளவுக்கு நடத்துவார்கள். அசல் ஜெசிந்தா வகுப்புக்குள் நடந்தாள், சிரித்தாள், அவ்வளவுதான் வேலை. அதைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. நிழலாசிரியர்கள் வருவதற்கு முன் இதே கடலோரப் பள்ளியில் நான்கு விதமாகப் பாடம் தயாரித்து, கரும்பலகை முன்னாலேயே மயங்கி விழுந்தவள் அவள்.

அன்றைய பாடம், புயலில் சிக்கிய படகுக்காரரின் கதை. பாடம் முடியும்போது இரட்டையர் ஜெனோவாவும் ஜெரோமும் அவளிடம் ஓடி வந்தார்கள்.

“டீச்சர், இவன் புளுகுறான். படகுக்காரர் செத்துட்டாருல்லா?”

“போடி! அவரு கரைக்கு வந்துட்டாரு. டீச்சரே சொன்னாங்க.”

“எங்கிட்டயும் டீச்சர்தான்ல சொன்னாங்க!”

இருவரும் அவளையே பார்த்தார்கள். ஜெனோவாவின் கன்னம் நனைந்திருந்தது. அவர்களுடைய அப்பாவின் படகு போன வாரம் கடலுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. அது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் ஜெரோமின் பலகையைக் கையில் எடுத்தாள். “மூலக்கதையைக் காட்டு.”

“மூலம் என்று தனியாக இல்லை,” என்றது அவளுடைய குரல், கனிவாக. “படகு, புயல், காத்திருப்பு மட்டும் எல்லோருக்கும் பொது. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் சோக முடிவு வந்தால் பலகையை மூடிவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்கு அவர் திரும்பி வருகிறார்.”

ஜெசிந்தாவுக்குக் கோபம் வரவில்லை. எதன் மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. பிள்ளைகள் பலகையை மூடாமல் இருக்க வேண்டும் என்றுதானே அவளும் அத்தனை வருடம் தவித்தாள்?

“எது நெசம் டீச்சர்?” என்றான் ஜெரோம். “எங்க அப்பா வருவாங்களா?”

அவள் பொதுவிசையை அழுத்தினாள். நாற்பது ஜெசிந்தாக்களும் ஒரே நேரத்தில் அணைந்தார்கள். பிள்ளைகள் நிமிர்ந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள்.

“எனக்குத் தெரியலை,” என்றாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை கரகரத்தது. “படகுக்காரருக்கு என்ன ஆச்சுன்னும் தெரியலை. உங்க அப்பாவைப் பத்தியும் தெரியலைய்யா.”

அயர்வுமானி சிவந்து அதிர்ந்தது. உடனே ஓய்வெடுக்கச் சொன்னது. அவள் அசையவில்லை.

ஜெனோவா தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குப் போகாமல், அவனுடைய பெஞ்சில் அவனை இடித்துத் தள்ளி உட்கார்ந்தாள். டீச்சரிடமிருந்து இருவருக்கும் ஒரே பதில் கிடைத்தது அதுதான் முதல் தடவை.